புலி போட்ட கடிதங்கள்

பல்கலைக்கழகப் படிப்பு இலவசமாக இருக்க வேண்டும் என்பது என் கொள்கை. இந்தக் கொள்கைக்காக நான் செய்த ஒரே காரியம், படிக்க வாங்கிய கடனைத் திருப்பிக் கட்டாமல் இருந்தது. அதற்குப் பெயர் கொள்கை இல்லை என்று என் மனைவி சொல்வாள். அவளும் என்னைப் போலவே அரசாங்கக் கல்விக் கடனில் படித்தவள். பாலர் பள்ளியில் பாடம் சொல்லிக் கொடுத்து வாங்கிய சம்பளத்தில் மாதாமாதம் கட்டி, எனக்குத் தெரியாமலேயே கட்டி முடித்தும்விட்டாள். இப்படி ஒரு கொள்கைப்பிடிப்பு இல்லாத பெண்ணைக் கட்டிக்கொண்டேனே என்று எனக்கு உள்ளூர ஒரு வருத்தம்.

ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் சரக்குக் கணக்குப் பிரிவில் எனக்கு வேலை. எதிரில் இருக்கும் ஒட்டுக்கடையில்தான் தினமும் பசியாறுவோம். ரொட்டி சானாய் மேசைக்கு வருவதற்குள் நாட்டின் உயர்கல்விப் பிரச்சினையை நான் தீர்த்து முடித்துவிடுவேன். ஆரம்பப் பள்ளி இலவசம், இடைநிலைப் பள்ளி இலவசம், பல்கலைக்கழக வாசலில் மட்டும் ஏன் கையை நீட்டுகிறார்கள் என்று கேட்பேன். படித்தவனால் லாபம் யாருக்கு, நாட்டுக்குத்தானே, அப்படியென்றால் நாடுதானே கட்ட வேண்டும் என்று மேசையைத் தட்டுவேன். தேத்தண்ணி சிந்தும். கூட இருப்பவர்கள் தலையாட்டுவார்கள். அவர்களில் பாதிப் பேர் என்னைவிட அதிகம் படித்தவர்கள் என்பதும், ஒழுங்காகக் கடன் கட்டிக்கொண்டிருந்தவர்கள் என்பதும் பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

நான் பிறந்தது கோலா சிலாங்கூர் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடு ஒன்றில். அப்பா குலை வெட்டுபவர். அம்மா அவர் பின்னாலேயே போய் உதிர்ந்த பழங்களைப் பொறுக்குபவர். லயத்திலிருந்து பல்கலைக்கழகத்துக்குப் போன முதல் ஆள் நான். எனக்கு இடம் கிடைத்த செய்தி வந்தபோது கோயிலில் மைக் போட்டு அறிவித்தார்கள். கடன் பாரத்தில் கையெழுத்துப் போட்டபோதும் அது கடன் என்று என் மண்டையில் ஏறவில்லை. என் அறிவைப் பார்த்து அரசாங்கம் தருகிற பரிசு என்றே நினைத்துக்கொண்டேன். லயத்தில் எல்லாரிடமும் 'அரசாங்கம் என்னைப் படிக்க வைக்கிறது' என்றுதான் சொல்லியும் வைத்தேன்.

படித்தது புள்ளியியல். எதையும் எண்ணிப் பார்த்து, இது நடக்க எவ்வளவு வாய்ப்பு என்று சொல்லும் படிப்பு. தோட்டத்தில் யாருக்கும் அது என்னவென்று புரியவில்லை. எனக்கும் சரியாகப் புரிந்ததாகச் சொல்ல மாட்டேன்.

பட்டம் வாங்கி வேலைக்குப் போய் ஓராண்டு கழித்து முதல் கடிதம் வந்தது. அதற்குள் லயத்தை இடித்துவிட்டிருந்தார்கள். அப்பா பக்கத்திலேயே ஒரு மலிவு விலை வீடு வாங்கிக் குடிபோயிருந்தார். கடன் அலுவலகத்தில் அந்த வீட்டு முகவரியைத்தான் கொடுத்திருந்தேன்; ரவாங்குக்கு வந்த பிறகும் அதை மாற்றவில்லை. மறந்துபோய் மாற்றாமல் இருக்கவில்லை, வேண்டுமென்றேதான். கடிதம் அம்மா வீட்டுக்குப் போகும் வரை அது எனக்கு வரவில்லை என்றுதானே கணக்கு!

அம்மாவுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டி வாசிக்க வரும். மலாய் பேசுவாரே தவிர வாசிக்க வராது. கடிதத்தின் தலையில் அரசாங்க முத்திரை இருந்தது. அதில் இரண்டு பக்கமும் இரண்டு புலிகள். அதற்குக் கீழே என் பெயர் தடித்த எழுத்தில். அந்த வாரம் நான் வீட்டுக்குப் போனபோது அம்மா அதைத் தட்டில் வைத்துக்கொண்டு வந்தார்.

“கவர்மெண்டுலருந்து ஒனக்கு வந்திருக்குய்யா. புலி போட்ட லெட்டரு. என்னா எழுதியிருக்கு?”

படித்தேன். இன்ன தேதிக்குள் இவ்வளவு கட்ட வேண்டும் என்று இருந்தது. அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அப்பா வாசற்படியில் உட்கார்ந்து அறுவாளுக்குச் சாணை பிடித்துக்கொண்டிருந்தார். நான் ஒரு பட்டதாரி. உண்மையைச் சொல்லியிருக்கலாம்.

“நல்லா படிச்சேன்னு பாராட்டி எழுதியிருக்காங்கம்மா,” என்றேன்.

அம்மா அந்தக் கடிதத்தைச் சாமி மேடையில் அம்மன் படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். இரண்டு புலிகளின் நெற்றியிலும் குங்குமம் வைத்தார். அம்மனின் வாகனம் வீடு தேடி வந்துவிட்டதாக அவருக்குச் சந்தோஷம். நான் சொன்ன பொய்க்குக் கற்பூரம் காட்டியபோது அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அப்பா சாணை பிடிப்பதை நிறுத்திவிட்டு ஒரு நிமிடம் என்னைப் பார்த்தார். பிறகு மறுபடியும் தேய்க்க ஆரம்பித்தார்.

அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு கடிதத்துக்கும் நான் ஒரு விளக்கம் சொன்னேன். ஒன்று என் உடல்நலம் விசாரித்து வந்தது. ஒன்று தீபாவளி வாழ்த்து. ஒன்று என்னை மாதிரி ஆட்கள் நாட்டுக்குத் தேவை என்று சொன்னது. வீட்டுக்கு யார் வந்தாலும் அம்மா அந்தக் கடிதக் கட்டை எடுத்துக் காட்டுவார். என் மகனை அரசாங்கம் மறக்கவே இல்லை என்பார். அதில் மட்டும் பொய் இல்லை.

அந்த நாட்களில் அப்பாவிடம் ஒரு கெட்ட பழக்கம் சேர்ந்துவிட்டதாக அம்மா புலம்ப ஆரம்பித்தார். நாலு நம்பர் லாட்டரி எடுக்கிறாராம். சம்பளம் போட்ட மறுநாள் மோட்டாரை எடுத்துக்கொண்டு கோலா சிலாங்கூர் டவுனுக்குப் போகிறார், திரும்பி வரும்போது சம்பளப் பணத்தில் ஐம்பது வெள்ளி குறைகிறது, கேட்டால் நம்பரில் விட்டுவிட்டேன் என்கிறார் என்று அழுதார். பீடியைக்கூட விட்டுவிட்ட மனிதருக்கு இந்த வயதில் ஏன் இந்தப் புத்தி என்று கேட்டார்.

எனக்கு ஆத்திரம் வந்தது. படித்த மகன் எதற்கு இருக்கிறேன்? ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவை மேசைக்கு முன்னால் உட்கார வைத்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்தேன். நான்கு இலக்கத்தில் மொத்தம் பத்தாயிரம் எண்கள், அதில் ஒன்றுதான் முதல் பரிசு, மாதம் ஐம்பது வெள்ளி என்றால் வருடத்துக்கு அறுநூறு என்று கட்டம் போட்டு, அம்புக்குறி போட்டு, அடிக்கோடிட்டு விளக்கினேன். பல்கலைக்கழகத்தில் படித்ததை முதன்முதலாக ஒருவருக்குப் பயன்படும்படி சொல்லிக் கொடுக்கிறேன் என்ற பெருமையில் என் குரல் ஏறிக்கொண்டே போனது. கடைசியில், “கொஞ்சமாச்சும் பொறுப்பு வேணாமாப்பா?” என்று கேட்டேன். நான்தான் கேட்டேன்.

அப்பா முழுவதையும் கேட்டார். “சரிப்பா, கொறச்சிக்கிறேன்,” என்றார். தாளை நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். அடுத்த மாதமும் ஐம்பது வெள்ளி குறைந்தது.

கல்யாணமான புதிதில் மனைவியோடு மேடானுக்குப் போய் வந்தேன். கடன் கட்டாதவர்களை நாட்டை விட்டு வெளியே விட மாட்டார்கள் என்று ஒட்டுக்கடையில் பயமுறுத்தியிருந்தார்கள். குடிநுழைவு முகப்பில் என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. திரும்பி வந்து மேசையைத் தட்டினேன். பார்த்தீர்களா, இந்தக் கடன் வெறும் பூச்சாண்டி, அவர்களே மறந்துவிட்டார்கள் என்றேன். ஒரே ஒரு தடவை நடந்ததை வைத்து முடிவு கட்டக் கூடாது என்பதுதான் புள்ளியியலின் முதல் பாடம். அந்தப் பாடம் நடந்த அன்றைக்கு நான் வகுப்புக்குப் போகவில்லை போலிருக்கிறது.

முதல் கடிதம் வந்து மூன்று வருடத்துக்குப் பிறகு அப்பா இறந்துபோனார். செம்பனை மரத்தடியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. கடைசியாக ஒருமுறைகூட அவரோடு சரியாகப் பேசவில்லை என்பது எனக்கு இன்றுவரை ஆறாத வருத்தம். அம்மாவுக்கு ஒரே ஒரு ஆசைதான் மிஞ்சியது. இராமேஸ்வரம் போய்க் கடலில் குளித்து, அங்கே என் கையால் அப்பாவுக்குப் பிண்டம் வைக்க வேண்டும். ஒரே பிள்ளை நான். வேறு யார் செய்வது?

நான்கு வருடம் கழித்துத்தான் அது கூடி வந்தது. பழைய லயத்து ஆட்கள் நாற்பத்திரண்டு பேர் சேர்ந்து ஒரு சுற்றுப்பயணம். படித்தவன் என்பதால் என்னைத் தலைவராகப் போட்டார்கள். எல்லாருக்கும் மஞ்சள் டீ-சட்டை. என் சட்டையின் முதுகில் மட்டும் கூடுதலாக 'குழுத் தலைவர்' என்று அச்சடித்திருந்தது. அதை அச்சடிக்கச் சொன்னதும் நானேதான்.

குழுவில் ஒரு லோரிக்காரத் தம்பி இருந்தான். எங்கள் லயத்தில் எனக்கு நான்கு வீடு தள்ளிப் பிறந்தவன். மூன்றாம் படிவத்தோடு படிப்பை விட்டுவிட்டு செம்பனைக் குலை லோரி ஓட்டுகிறான். இறந்துபோன தன் தாய்க்குச் செய்ய வந்தான். விமான நிலையத்துக்குப் போகும் பஸ்ஸில் அவன் பக்கத்தில்தான் எனக்கு இடம். அவனுக்கு இலவசக் கல்வியைப் பற்றி நான் ஒன்றரை மணி நேரம் பாடம் எடுத்தேன். இலவசமாக இருந்திருந்தால் நீயும் படித்திருப்பாய் என்றேன்.

“எனக்கு படிப்பு ஏறல அண்ணே,” என்றான் அவன். அதுதான் அமைப்பின் கோளாறு என்று அவனுக்கு விளக்கினேன். அவன் பாதியில் தூங்கிவிட்டான்.

விமான நிலையத்தில் தானியங்கிக் கதவு. கடப்பிதழை வைத்து, கட்டைவிரலை அழுத்தினால் திறக்கும். நம் ஆட்கள் அதைப் பார்த்து மிரண்டார்கள். நான் ஒவ்வொருவராகக் கையைப் பிடித்து, இங்கே வையுங்கள், அங்கே அழுத்துங்கள், பச்சை விளக்கு வந்ததும் நடங்கள் என்று நாற்பத்தொரு பேரையும் அந்தப் பக்கம் அனுப்பினேன். அம்மாதான் கடைசி. அவர் கதவைத் தாண்டியதும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். பிறகு நான் வைத்தேன். சிவப்பு விளக்கு. துடைத்துவிட்டு மறுபடி வைத்தேன். சிவப்பு. சட்டையில் விரலைத் தேய்த்துக்கொண்டு மூன்றாவது முறை வைப்பதற்குள் ஓர் அதிகாரி வந்து என்னைப் பக்கத்து மேசைக்குக் கூப்பிட்டார்.

திரையைப் பார்த்துவிட்டு மலாயில் மெதுவாகத்தான் கேட்டார். என் பெயரில் கல்விக் கடன் பாக்கி இருக்கிறது, பயணத் தடை போட்டிருக்கிறார்கள், எனக்குத் தெரியாதா? கடிதம் வந்திருக்குமே?

“ஒரு கடிதமும் வரவில்லை, என்சிக்,” என்றேன். கண் இமைக்காமல் சொன்னேன். கொள்கைவாதிக்கு இதெல்லாம் பழக்கம்.

கடிதத்துக்கு மலாயில் சூராட். அந்த ஒரு சொல் அந்தப் பக்கம் நின்றிருந்த அம்மாவின் காதில் விழுந்துவிட்டது. என்ன ஏது என்று மேசைக்கு வந்தவரின் முகம் மலர்ந்தது. தோள்பையைத் திறந்தார். உள்ளே மஞ்சள் துணியில் ஒரு கட்டு. இராமேஸ்வரத்தில் சாமி காலடியில் வைத்து எடுத்து வரலாம் என்று எனக்குத் தெரியாமல் கொண்டு வந்திருக்கிறார்.

“சூராட் அடா, என்சிக்! பான்யாக் அடா!” என்றார் அம்மா. இருக்கிறது ஐயா, நிறைய இருக்கிறது.

பதினான்கு கடிதங்கள். அதிகாரி ஒவ்வொன்றாகப் பிரித்தார். நினைவூட்டல். இரண்டாம் நினைவூட்டல். இறுதி நினைவூட்டல். மறுபடியும் இறுதி நினைவூட்டல். ஒவ்வொன்றிலும் இரண்டு புலிகள், ஒவ்வொரு புலிக்கும் நெற்றியில் குங்குமம். விபூதி அவர் மேசையில் கொட்டியது. அவர் கடிதங்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் முதுகைப் பார்க்காதவரை நல்லது என்று நான் திரும்பாமல் நின்றேன். அம்மா இரண்டு கைகளையும் கட்டிக்கொண்டு, மகனைப் பற்றிய நல்ல வார்த்தைக்குக் காத்திருந்தார். அந்த அதிகாரி நல்லவர். அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. “நீங்களே அவரிடம் சொல்லுங்கள்,” என்றார் என்னிடம்.

சொன்னேன். அதைச் சொல்ல எடுத்த நேரத்தில் நாற்பது மஞ்சள் சட்டைகளும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கூடிவிட்டன.

“கட்டச் சொல்லியா எழுதியிருக்கான்?” என்று அம்மா கேட்டார். “எல்லாத்துலயுமா?”

“எல்லாத்துலயும்தாம்மா.”

அம்மா கடிதங்களை ஒழுங்காக அடுக்கி மஞ்சள் துணியில் சுற்றிக் கட்டினார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை.

“அப்ப ஒங்கப்பாவுக்கு யாருய்யா செய்யிறது?” என்றார்.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. கடன் அலுவலகம் திறந்து, பணத்தைக் கட்டி, தடையை எடுக்கத் திங்கட்கிழமைதான் முடியும். பிண்டம் வைக்க வேண்டிய அமாவாசையும் அதே திங்கட்கிழமை காலையில். லோரிக்காரத் தம்பி முன்னால் வந்தான்.

“பெரியம்மா, நான் செய்யிறேன். எங்கம்மாவுக்கு செய்யத்தானே போறேன், கூட ஒரு உருண்டை புடிக்கிறதுல என்னா இருக்கு? வாங்க, பிளைட்டு போயிரும்.” என்னைப் பார்த்து, “நீங்க கவலப்படாதிங்கண்ணே, இதெல்லாம் நடக்கறதுதான்லா,” என்றான். அவன் அம்மாவின் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டான். அம்மா ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

நான் ரயில் ஏறி ரவாங்குக்குத் திரும்பினேன். மாற்றிக்கொள்ள வேறு சட்டை இல்லை. பெட்டி விமானத்தில் போய்விட்டது. வழி முழுவதும் முதுகைச் சாய்த்தே உட்கார்ந்திருந்தேன். மனைவி கதவைத் திறந்து என்னையும் சட்டையையும் பார்த்தாள். “சாப்டிங்களா?” என்று மட்டும் கேட்டாள். கொள்கை இல்லாதவர்களுக்கு இப்படி ஒரு பெருந்தன்மை.

திங்கட்கிழமை காலை கடன் அலுவலகத்தில் எண் எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பத்து மணி வாக்கில் கைப்பேசியில் ஒரு படம் வந்தது. ஈர வேட்டியில் லோரிக்காரத் தம்பி கடற்கரையில் உட்கார்ந்திருந்தான். அவனுக்கு முன்னால் வாழையிலையில் எள்ளும் உருண்டைகளும். பக்கத்தில் அம்மா, நனைந்த தலையோடு. அதற்குக் கீழே ஒரு குரல் பதிவு. யாருக்கும் கேட்காமல் காதோடு வைத்துக் கேட்டேன்.

“அண்ணே, நல்லபடியா முடிஞ்சிருச்சி. ஒங்கப்பா பேர தெளிவா சொன்னேன். ஐயரு கோத்திரம் கேட்டாரு. எனக்கு எங்க தெரியும்? பெரியம்மாகிட்ட கேட்டா, நம்ம தோட்டத்துப் பேர சொல்றாங்க. ஐயரும் அதயே மந்திரத்துல சேத்து சொல்லிட்டாரு. ஒண்ணும் தப்பில்லல்லண்ணே?”

கோத்திரத்துக்குப் பதில் தோட்டத்தின் பெயர். எனக்கும் கோத்திரம் தெரியாது. நான் போயிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன் என்று ஆறுதல் தேடினேன். பக்கத்தில் இருந்தவர் என்னைப் பார்த்துவிட்டு மெல்லிழைத்தாள் ஒன்றை நீட்டினார். கடன் தொகையைப் பார்த்து அழுகிறேன் என்று நினைத்திருப்பார்.

என் எண்ணைக் கூப்பிட்டார்கள். முகப்பில் இருந்தவர் இளம் பெண். திரையைப் பார்த்து, “முன்னால் ஒழுங்காகத்தானே கட்டியிருக்கிறீர்கள், ஏன் நிறுத்திவிட்டீர்கள்?” என்று மலாயில் கேட்டார்.

நான் ஒரு காசுகூடக் கட்டியதில்லை. வேறு யாருடைய பணமோ தவறி என் கணக்கில் விழுந்திருக்கிறது என்று புரிந்தது. உண்மையைச் சொல்கிறேன், முதலில் எனக்குத் தோன்றியது வாயை மூடிக்கொண்டு இருந்துவிடலாம் என்பதுதான். அவர் கணக்கை அச்செடுத்து என் முன்னால் வைத்தார். தவணைக்குப் போதாத தொகைதான், ஆனால் மாதம் ஐம்பது வெள்ளி. மாதம் தவறவில்லை. கட்டிய இடம், கோலா சிலாங்கூர் அஞ்சலகம். கட்டிய நாள், ஒவ்வொரு மாதமும் தோட்டத்தில் சம்பளம் போடும் நாளுக்கு மறுநாள். மூன்று வருடம். கடைசி வரி, அப்பா இறந்ததற்கு முந்திய மாதம்.

மேடான் பயணம் அதற்கு நடுவில் வந்தது. அன்றைக்கு அவர்கள் என்னை வெளியே விட்டது மறந்துபோனதால் இல்லை, அப்பா கட்டிக்கொண்டிருந்ததால்.

“உங்கள் பணம்தானே?” என்று அந்தப் பெண் கேட்டார்.

“என் அப்பாவுடையது,” என்றேன்.

“அவரே தொடர்ந்து கட்டுவாரா?”

“இல்லை. இனிமேல் நான்.” கையெழுத்துப் போட்டேன். இந்த முறை ஒவ்வொரு வரியையும் படித்துவிட்டுப் போட்டேன்.

பத்து நாள் கழித்து அம்மா திரும்பி வந்தார். மனைவி கார் ஓட்டினாள். நான் பின்னால் அம்மா பக்கத்தில் உட்கார்ந்தேன். அம்மா அந்த மஞ்சள் கட்டை எடுத்து என் மடியில் வைத்தார்.

“மொதல்லருந்து படி. என்னா எழுதியிருக்கோ அத சொல்லு.”

பதினான்கையும் படித்தேன். மலாயில் ஒரு வரி, தமிழில் ஒரு வரி. பாராட்டுக் கடிதம் என்று சொன்னது, தீபாவளி வாழ்த்து என்று சொன்னது, எல்லாம் அதனதன் முகத்தோடு வெளியே வந்தன. மனைவி பின்னால் பார்க்கும் கண்ணாடியில் ஒரு தடவை என்னைப் பார்த்தாள். இஜோக் ஊரைத் தாண்டும்போது படித்து முடித்தேன். பிறகு பையிலிருந்து அந்தக் கணக்குத் தாளை எடுத்து, அப்பா கட்டியதையும் சொன்னேன்.

அம்மாவுக்கு முதலில் விளங்கவில்லை. அஞ்சலகம் எங்கே என்று கேட்டார். நம்பர் கடை இருக்கும் அதே தெருவில் என்றேன். எவ்வளவு என்று கேட்டார். ஐம்பது என்றேன். எந்த நாளில் என்று கேட்டார். சம்பளத்துக்கு மறுநாள் என்றேன்.

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“மொத லெட்டர, தோட்டத்து ஆபீஸ் கெராணிகிட்ட காட்டிட்டு வாரேன்னு எடுத்துட்டுப் போனாரு,” என்றார். “வந்து, 'ஆமா, புள்ளய பாராட்டித்தான் எழுதியிருக்கு, மேடையிலயே வையி'ன்னாரு. அவரும்லய்யா பொய் சொல்லிட்டாரு.” முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார். “மூணு வருசம்யா. தட்டுல சோத்த போட்டுட்டு, சூதாடி, சூதாடின்னு திட்டுவேன். குனிஞ்சிகிட்டு சாப்புடுவாரு.”

படிப்பு இலவசமாக இருக்க வேண்டும் என்று நான் இன்னமும் நினைக்கிறேன். ஒட்டுக்கடையில் மேசையைத் தட்டுவதை மட்டும் விட்டுவிட்டேன். என் படிப்புக்குக் கொடுத்த விலை அந்தக் கணக்குத் தாளில் இருக்கும் வெள்ளி மட்டும் இல்லை. என்னால் ஒரு நல்ல மனிதர் தன் சொந்த வீட்டில் சூதாடி என்று பெயர் வாங்கிக்கொண்டு செத்தார். இன்னொரு வீட்டில் அப்படி நடக்கக் கூடாது.

கடிதங்களைத் திரும்பத் துணியில் கட்டும்போது அடியில் இன்னொரு தாள் இருப்பதைக் கண்டேன். அதில் புலி இல்லை. நான்காக மடித்த வெள்ளைத் தாள், மடிப்பில் கிழிந்திருந்தது. பிரித்தேன். கட்டம், அம்புக்குறி, பத்தாயிரம், வருடத்துக்கு அறுநூறு வெள்ளி, அதற்குக் கீழே இரண்டு அடிக்கோடு. என் கையெழுத்து. அதன் தலையிலும் குங்குமம் வைத்திருந்தது.

“அது ஒங்கப்பா குடுத்தது,” என்றார் அம்மா. “எம்புள்ள எனக்குன்னு ஒக்காந்து எழுதிக் குடுத்தான், அந்த லெட்டருங்களோட சேத்து இதயும் வையின்னாரு. என்னான்னு கேட்டேன். தெரியல, நல்லதுதான் எழுதியிருப்பான்னாரு. அதயும் படிய்யா.”

அதை மட்டும் என்னால் படிக்க முடியவில்லை.